ஆறு கப் பால்

லோகண்ணே!

எங்கே இருந்தாலும் ஒரு நிமிடம் இந்தப் பக்கம் திரும்பு. உன்னைப் பற்றி எழுதப் போகிறேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்ன எழுதிக் கிழிக்கப் போகிறாள் என்று சிரிப்பாய். சிரி. நீ போன பிறகு ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சாமி குத்தம் என்கிறார் ஒருவர். விரதம்தான் கொன்றது என்கிறார் இன்னொருவர். கம்போடியாவில் என்ன வேலை செய்தானோ யாருக்குத் தெரியும் என்று ஒரு மாமா உன் பதினாறாம் நாள் சாப்பாட்டிலேயே சொன்னார். அப்போது நான் அவருக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருந்தேன். ஊற்றாமல் கூஜாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். விக்கினால் விக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தது நான். அதனால் நடந்ததை நான்தான் சொல்வேன். என்னைக் குறை சொல்ல வேண்டிய இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டாம்.

என் அண்ணன் பெயர் லோகநாதன். வயது இருபத்தெட்டு. எங்கள் வீடு ஈப்போ, புந்தோங்கில் இருக்கிறது. அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறார். நான் கச்சாங் பூத்தே செய்யும் கடையில் வேலை செய்கிறேன். கடலை வறுப்பது, முறுக்குப் பிழிவது, பாக்கெட் போடுவது. வீட்டுக்கு வந்தால் தலைமுடி வரைக்கும் எண்ணெய் வாசனைதான். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அண்ணன் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களை அழித்து வீடு கட்டியபோது அந்த வேலையில் பழகினான். பிறகு ஒரு குத்தகைக்காரர் மூலம் கம்போடியாவுக்குப் போனான். அங்கே காட்டை வெட்டி ரப்பர் நடுகிறார்களாம். "இங்க புடுங்கினதை அங்க நடுறேன், பாவம் கழிஞ்சிரும்லா" என்று போனில் சொல்லிச் சிரிப்பான். பெர்மிட் முறையாக இருந்தது. நகல் என் அலமாரியில் இருக்கிறது. அந்த மாமா வந்து பார்க்கலாம்.

அவன் கடைசியாக ஊருக்கு வந்ததற்கு முந்தைய வருடம் மோட்டாரில் போகும்போது லோரி இடித்து என் வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக அண்ணன் வேண்டிக்கொண்டான். நான் நடந்துவிட்டேன். அவன் லீவு போட்டு வந்தான்.

தைப்பூசத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான். விரதத்தால் என்று நினைத்தோம். அவன் இருந்தது ஒரு மண்டல விரதம், நாற்பத்தெட்டு நாள். மாலைப் பூசை முடிந்து ஒரே வேளைச் சாப்பாடு. சோறு, ரசம், பழம். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. கவுச்சி புழங்கும் சமையலறையில் இருந்து வரும் எதையும் வாயில் வைக்க மாட்டான். கம்போடியாவில் வேலையாட்கள் தங்கும் கொங்சியில்கூடத் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்துச் சமைத்திருக்கிறான்.

"எதுக்குலா இவ்ளோ கஷ்டம்? கொஞ்சம் முன்னபின்ன இருந்தா முருகன் அடிச்சிருவாரா?" என்று கேட்டேன்.

"உன் காலு கொஞ்சம் முன்னபின்ன சேந்திருந்தா நீ இப்படி நடப்பியா பாப்பா? அவரு முழுசா கொடுத்தாருல்ல. நானும் முழுசா கொடுக்கிறேன்."

என்னை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

வந்த ஆறாம் நாள் குளிர் அடித்தது. மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பிறகு காய்ச்சல். பிறகு தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. வியர்த்த பின் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்பான். மறுபடி குளிரும். பக்கத்து கிளினிக்கில் டிங்கி காய்ச்சலாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள். டிங்கி இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் வெளிநாடு போனாயா என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் கம்போடியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவன் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்தான். ஈப்போவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தலை அம்மா மடியில், கால் என் மடியில். அம்மா தன் சேலைத் தலைப்பால் அவன் பாதத்தை மூடி மூடி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் சுபா வந்தார். தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"காட்டுப் பக்கம் எங்கயாச்சும் போனீங்களா?"

"காட்டுலதான் டாக்டர் வேலையே," என்றான் அண்ணன். "கம்போடியா."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

மலேரியா பரிசோதனை பெரிய விஷயம் இல்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சிவப்பு அணுவுக்குள்ளே கிருமி சின்ன மோதிரம் மாதிரி தெரியுமாம். எத்தனை அணுவில் மோதிரம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் எல்லாம். மருந்து வேலை செய்தால் எண்ணிக்கை இறங்கும். மூன்று நாளில் ஒன்றும் இல்லாமல் போக வேண்டும். அண்ணன் ரத்தத்தில் மோதிரம் நிறைய இருந்தது.

"நம்ம ஊரு காட்டுல குரங்குகிட்ட இருந்து வர்ற மலேரியா உண்டு. இது அது இல்ல," என்றார் டாக்டர் சுபா. "இது இருக்கறதிலேயே பொல்லாதது. ஆனா மருந்து இருக்கு. பயப்படாதீங்க அம்மா."

வார்டில் சேர்த்தார்கள். கொசு கடித்து அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கட்டிலைச் சுற்றி வலை கட்டினார்கள். அண்ணன் வலைக்குள்ளே சாய்ந்துகொண்டு, "பாப்பா, முதலிரவு கட்டில் மாதிரி இருக்குலா, பொண்ணத்தான் காணோம்" என்றான். அம்மா அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினார். காய்ச்சலில் கிடந்தவன் பேசின பேச்சு இது. அவன் அப்படித்தான்.

மாத்திரை மஞ்சள் நிறம். ஒரு தடவைக்கு நாலு. காலையும் மாலையும், மொத்தம் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் நர்ஸ் மிஸ்ஸி வந்து நின்று, விழுங்குகிறானா என்று பார்ப்பார். கூடவே ஒரு கப் பால் வைப்பார். "சூசு மெஸ்தி மீனும்," பால் கட்டாயம் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

முதல் தடவை அண்ணன் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினான். மிஸ்ஸி திரும்பியதும் பாலை வலைக்கு வெளியே நீட்டினான்.

"நீ குடி."

"உனக்குத்தானே கொடுத்தாங்க."

"இந்தக் கிச்சன்லதான் கோழியும் ஆக்குறான். விரதத்துல எப்படி குடிக்கிறது? ஊத்தினா மிஸ்ஸி சத்தம் போடும். நீ குடி பாப்பா, நீயும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

குடித்தேன். சூடாக, இனிப்பாக இருந்தது. பால் தெம்புக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு வாயில் சர்க்கரை போடுவார்களே, அந்த மாதிரி. மாலையில் அம்மா வீட்டில் இருந்து தனியாக ஆக்கிய சோறும் ரசமும் கொண்டுவருவார். அதைத்தான் அவன் சாப்பிட்டான். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத சோறு. பால் எனக்கு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன அங்கிள், சர்க்கரை நோயால் காலில் புண். ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டே இருப்பார். "அபாங் சாக்கிட், அடேக் கெமோக்" என்று சிரிப்பார். அண்ணனுக்கு நோய், தங்கச்சிக்குச் சதை என்று கிண்டல். நானும் சிரித்தேன். தன் ரொட்டியில் பாதியையும் எனக்குப் பிய்த்துக் கொடுப்பார். நல்ல மனிதர்.

ஆறு தடவை. ஆறு கப். எல்லாம் நான் குடித்தேன்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எண்ணிக்கையும் இறங்குகிறது என்றார்கள். அம்மா அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலை குளித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் மாலை மறுபடி குளிர். நாலாம் நாள் காலை டாக்டர் சுபா ஒரு தாளோடு வந்து வலையைத் தூக்கினார்.

"லோகநாதன், வாந்தி எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"மாத்திரை எல்லாம் முழுங்கினீங்க?"

"மிஸ்ஸி பாத்தாங்களே."

"பால் குடிச்சீங்க இல்ல?"

அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். நான் டாக்டரின் சப்பாத்தைப் பார்த்தேன்.

"இந்த மருந்துல ரெண்டு சேர்ந்திருக்கு," என்றார் அவர். "ஒண்ணு சீக்கிரம் அடிக்கும், சீக்கிரம் போயிரும். இன்னொண்ணு நின்னு அடிக்கும். அந்த ரெண்டாவது, கொழுப்பு இருந்தாத்தான் குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகும். பால், எண்ணெய், கடலை, ஏதாச்சும். வெறும் வயித்துல போட்டா பாதி வெளியே போயிரும். அதான் கேக்குறேன்."

கடலை. கை நிறையக் கடலை போதுமாம். நான் நாள் முழுக்க வறுக்கிற கடலை. வெறும் சட்டியில் வறுப்பது; அதில் எண்ணெய் இல்லை, கவுச்சி இல்லை, விரதத்துக்கும் ஆகாதது இல்லை. என் பையிலேயே ஒரு பாக்கெட் இருந்தது. கடை முதலாளி அண்ணே கொடுத்து அனுப்பியது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இல்லை நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

"நான் குடிச்சேன் டாக்டர்," என்றேன்.

"என்ன?"

"பால். ஆறு கப்பும் நான்தான் குடிச்சேன்."

"பால் குடிக்கலன்னா மிஸ்ஸி சத்தம் போடும்னு நான்தான் கொடுத்தேன்," என்றான் அண்ணன் அவசரமாக. "பாப்பாவை ஏசாதீங்க டாக்டர். எனக்கு விரதம்."

டாக்டர் சுபா ஏசவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தார். "சரி. இப்ப தெரிஞ்சுதுல்ல. இனிமே ஊசி. நேரா ரத்தத்துல போகும். அதுக்குப் பால் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கிண்டலைச் சொல்லவே இல்லை.

ஊசி ஆரம்பித்தார்கள். நானும் அம்மாவும் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம். ரத்தம் எடுத்துப் போகிற ஆள் திரும்பும்போதெல்லாம் அவர் முகத்தைப் படிக்கப் பார்ப்போம். முதல் நாள் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் நாள் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் ஏறியது.

நேராக ரத்தத்தில் போகும் மருந்து. பால் வேண்டாத மருந்து. அதுவும் ஏன் வேலை செய்யவில்லை? இதை நான் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். வார்டு வாசலில் டாக்டர் சுபாவை மறித்துக்கொண்டு கேட்டேன்.

"சில காட்டுல கிருமி இந்த மருந்துக்குப் பழகிப்போச்சு," என்றார். "முன்ன ஒரு நாள்ல சாகும். இப்ப பதுங்கி உக்காந்துக்கிட்டு, மருந்து இறங்கினதும் மறுபடி எழுந்துக்குது. உங்க அண்ணன் வேலை செஞ்ச பக்கம் அப்படிக் கிருமி இருக்கு. இது அதுதான்னு எனக்கு சந்தேகம். கோலாலம்பூருக்கு ரத்தம் அனுப்பியிருக்கேன். முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"என்ன செய்வீங்க?"

"பழைய மருந்த எடுப்பேன்."

பழைய மருந்து கொய்னா, அதாவது குயினைன். அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். "ஐயோ, அது எங்க தாத்தா குடிச்சதுலா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வரிசையில நிக்க வச்சு ஊத்துவாராம். துப்பினா அரை நாள் சம்பளம் போச்சாம்," என்றார். புது மருந்துக்கு மசியாத கிருமிக்குத் தாத்தா காலத்துக் கசப்பு. அதைச் சொட்டுச் சொட்டாகக் கையில் ஏற்றினார்கள். அது சர்க்கரையை இறக்கிவிடும் என்று மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தார்கள். அண்ணனின் விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி.

அந்த மருந்து காதில் இரைச்சல் போடும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "பாப்பா, காதுக்குள்ள உறுமி அடிக்கிறானுங்க. தாளம் தப்புது. போய் சொல்லு."

"யாருகிட்ட சொல்றது?"

"நம்ம உறுமி செட்டுகிட்டதான். காவடிக்கு முன்பணம் வாங்கியிருக்கானுங்க, ஒழுங்கா அடிக்கச் சொல்லு."

அவன் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி. அன்று மாலை அவன் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரி போனது. ஐசியூவுக்கு மாற்றினார்கள்.

ஐசியூ வாசலில் ஒரு நீளமான பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோம். ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, தன் பாயை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தார். முதலாளி அண்ணே, கடையை மூடிவிட்டு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போகும்போது, "சம்பளம் வெட்ட மாட்டேன், நீ இங்கயே இரு" என்றார். இதையெல்லாம் மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் டாக்டர் சுபா அந்தப் பெஞ்சுக்கு வந்து, எங்கள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். சுங்கை சிப்புட்டில் இருந்து பெரியம்மாவும் வந்திருந்தார்.

"இன்னொரு மாத்திரை இருக்கு. வேற வகை. வேற ஊரு ஆஸ்பத்திரியில இருந்து வரவழைச்சிருக்கோம். கொய்னாவோட சேத்துக் கொடுத்தா இந்தக் கிருமி தாங்காதுன்னு நம்புறேன். ஆனா இதுவும் கொழுப்போடதான் போகணும். மூக்குல டியூப் இருக்கு. அதுல ஆஸ்பத்திரி பால் ஊத்தணும். அவர் விரதம்னு சொன்னீங்க. அவரால இப்ப சொல்ல முடியாது. அதான் உங்களக் கேக்குறேன்."

பெரியம்மா முந்திக்கொண்டார். "நாப்பத்தேழு நாளு இருந்துட்டான் டாக்டர். நாளைக்கு ஒரு நாளு பொறுக்கக் கூடாதா? நாளைக்கு முடிஞ்சிருமே. இவ்ளோ தூரம் வந்து முறிச்சா அது குத்தமாகிரும்."

அம்மா என்னைப் பார்த்தார். என் கால் உடைந்த அன்றும் அம்மா இப்படித்தான் பார்த்தார்.

"ஊத்துங்க டாக்டர்," என்றேன்.

"அடியே, நீ யாரு முடிவு சொல்றதுக்கு? வேண்டுதல் அவனோடது!" என்று பெரியம்மா எழுந்தார்.

"வேண்டுதல் என் காலுக்குத்தான் பெரியம்மா. முருகன் கேட்டா நான்தான் குடிச்சேன்னு சொல்லிக்கிறேன். முன்ன குடிச்ச ஆறு கப்போட இதையும் சேத்துக்கட்டும். ஊத்துங்க டாக்டர்."

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "ஊத்துங்க," என்றார். "நல்லா கட்டியா ஊத்துங்க."

மறுநாள் தைப்பூசம். புந்தோங்கே கல்லுமலைக்குப் போயிருந்தது. ஐசியூவில் ஒரு மெஷின் சத்தம்தான். டியூபில் வெள்ளையாகப் பால் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கங்காணி மாதிரி நின்றேன். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது.

அன்று எண்ணிக்கை இறங்கியது. அடுத்த நாள் இன்னும் இறங்கியது. மூன்றாம் நாள் காலை டாக்டர் சுபா நடந்து வரவில்லை, ஓடி வந்தார். "இல்ல! ஒண்ணுகூட இல்ல! ரெண்டு தடவை பாத்துட்டாங்க!" என்றார். நானும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். டாக்டரைக் கட்டிப்பிடிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. பிடித்துவிட்டேன். பாய் கொடுத்த மக்சிக் கை இரண்டையும் தூக்கி அவர் சாமிக்கு நன்றி சொன்னார்.

நான் உள்ளே போய் அண்ணன் காதில் சொன்னேன். மூச்சு மெஷின் போட்டிருந்தார்கள், மயக்க மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் சொன்னேன். "செத்துப்போச்சு அண்ணே. எல்லாம் செத்துப்போச்சு. நீ ஜெயிச்சுட்ட. எழுந்திரு, போலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. கிருமி இருந்த நாளிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. பிறகு நுரையீரலில் நீர் கட்டியது. கிருமி போன பிறகும் இப்படி ஆகும் என்று டாக்டர் சுபா சொன்னார். தீயை அணைத்தாலும் வெந்த கூரை விழும் இல்லையா, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்து, மதியம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவன் போய்விட்டான். அவன் ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போனான். இதை யாரும் மறக்கக் கூடாது. அவனுக்கு முன்னால் அது செத்தது.

பிறகுதான் கதைகள் ஆரம்பித்தன. பால் ஊற்றியதால் சாமி குத்தம் என்றார்கள். பால் ஊற்றாததால் செத்தான் என்றார்கள். இரண்டையும் ஒரே வாய் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் இருந்தது. கடையில் கடலை வறுக்கும்போது கை நிற்கும். ஒரு கைப்பிடி போதுமே, ஒரு கைப்பிடி போதுமே என்று மண்டைக்குள் ஓடும். பாலைத் தொடவே மாட்டேன். டீயைக்கூட வெறும் டீயாகத்தான் குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் சுபா போன் செய்தார். கோலாலம்பூரில் இருந்து முடிவு வந்துவிட்டது, நேரில் வா என்றார். ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம்.

"சந்தேகப்பட்டதுதான்," என்றார். "அந்தக் கிருமி மருந்துக்குப் பழகின கிருமி. முதல் மருந்து அதுக்கிட்ட மெதுவாத்தான் வேலை செய்யும். ஊசியாப் போட்டும் இறங்கலன்னு நீயே பாத்த."

"அப்ப பால்?"

அவர் எனக்கு ஆறுதல் சொல்லப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அவரை நான் மதிக்கிறேன்.

"பால் குடிச்சிருந்தா ரெண்டாவது மருந்து கூடுதலா சேந்திருக்கும். அது போதுமா இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியாதுன்னா நான் என்ன டாக்டர் செய்யறது?"

"எனக்கும் அதே கேள்விதான். பால் ஏன்னு முதல் நாளே நான் உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. கூட்டமா இருந்துச்சு, மிஸ்ஸி சொல்லிருவாங்கன்னு நினைச்சேன். இப்ப ஒவ்வொரு ஆளுக்கும் நானே உக்காந்து சொல்றேன். விரதமா, நோன்பா, என்ன சாப்பிட மாட்டீங்கன்னு முதல்ல கேக்குறேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல."

அவர் எனக்கு ஒரு டீ வாங்கினார். பால் டீ. நான் அதைப் பார்த்தேன். பிறகு குடித்தேன். முழுதாகக் குடித்தேன்.

அன்றிலிருந்து நான் என்னை விடுதலையும் செய்யவில்லை, தூக்கிலும் போடவில்லை. தெரியாது என்பதை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். ஆனால் வாயை மூட மாட்டேன். போன மாதம் பெரியம்மா சஷ்டி விரதம் என்று காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"இது சாப்பாட்டோட போடுறதா, வெறும் வயித்துல போடுறதா? டாக்டர கேட்டியா?"

"விரதம் டி. விடு."

"கேக்காம போடாத. முதல்ல கொஞ்சம் பால் குடி. அப்புறம் கிளினிக்கு போன் போடுவோம்."

"சாமி கோவிச்சுக்கிட்டா?"

"என் பேரச் சொல்லு. அட்ரஸும் கொடு. நேரா என்கிட்ட வரட்டும்."

பெரியம்மா என்னை முறைத்தார். பிறகு குடித்தார். குடித்து முடித்து, கப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். "நாப்பத்தேழு நாளு இருந்தானே டி, அந்தப் புள்ள," என்றார். அவர் அவனுக்காக அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வரும் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கிறேன். உடைந்து சேர்ந்த இந்தக் காலால் புந்தோங்கில் இருந்து கல்லுமலை வரைக்கும் நடப்பேன். விரதம் இருப்பேன். என் விரதத்தில் கடலை உண்டு. உன் ஆறு கப்பும் அந்தக் குடத்தில் இருக்கும் லோகண்ணே. ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றுவேன். உறுமி செட்டுக்கும் சொல்லிவிட்டேன். முன்பணத்தை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். தாளம் தப்பினால் நடுரோட்டில் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

படித்த எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். போனில் இரண்டு கைகூப்பும் படத்தைத் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்குப் போகிறவரோ, பள்ளிவாசலுக்குப் போகிறவரோ, லோகநாதன் என்று வாய்விட்டுப் பெயரைச் சொல்லுங்கள். அவன் இருந்த நாற்பத்தேழு நாளும் குறையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள். அவன் கொங்சியில் பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவர்கள் இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிர் அடித்தால் யாராவது சரியான கேள்வியைக் கேட்க வேண்டும் என்றும் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டாலும் பரவாயில்லை. என் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.